நெவாடாவில் உரிமம் பெற்ற கஞ்சா லவுஞ்ச் தொடங்க, காரைக்குடிக்கு அருகே உள்ள பூர்வீக வீட்டில் என் பங்கை விற்று முதல் போடலாமா?

போடாதீர்கள். இப்போது போடாதீர்கள், வீட்டுப் பங்கை விற்று ஒருபோதும் போடாதீர்கள்.

கேள்வியைப் படிக்காமல் நேராகப் பதிலுக்கு வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கிரீன் கார்டில் அமெரிக்காவில் இருக்கிறார். நண்பர்கள் சிலர் லாஸ் வேகாஸில் அரசு உரிமத்துடன் ஒரு கஞ்சா லவுஞ்ச் தொடங்குகிறார்கள். அதாவது, வயதுவந்தோர் உள்ளே வந்து வாங்கி, அங்கேயே உட்கார்ந்து புகைத்துவிட்டுப் போகும் இடம். இவரைக் கூட்டுச் சேர அழைக்கிறார்கள். பூர்வீக வீட்டில் தன் பங்கை விற்றும், ஊரில் இருக்கும் உறவினரிடம் கொஞ்சம் வாங்கியும் முதல் போடலாமா என்று கேட்கிறார். இந்தியாவிலும் சட்டம் மாறினால் அதே வீட்டில் இப்படி ஒன்றை வெளிநாட்டுப் பயணிகளுக்காகத் தொடங்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

நான் காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக ஆடிட்டராக இருக்கிறேன். 2024 ஆம் ஆண்டு என் தங்கை மகனுக்கு அதே லாஸ் வேகாஸில் இதே அழைப்பு வந்தது. அவனும் கிரீன் கார்டு வைத்திருந்தவன்தான். "அம்மான், இது மாநில அரசே கொடுக்கிற உரிமம். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நீங்களே வந்து பாருங்கள்" என்றான். போய்ப் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த லவுஞ்சைப் பார்த்து நான் முகம் சுளிக்கவில்லை. வாசலில் ஒரு பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கி, விளக்கடியில் பிடித்து, பிறந்த தேதியை இரண்டு முறை பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார். எனக்கு அறுபதை நெருங்கும் வயது. தலை முழுக்க நரை. ஆனாலும் பார்த்தார். 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் உள்ளே போய்விட்டால் உரிமத்துக்கே ஆபத்து என்று தங்கை மகன் சொன்னான். புகைப்பதற்குக் கண்ணாடித் தடுப்போடு தனி அறை. மேலே கூரை முழுவதும் காற்றை இழுத்து வெளியேற்றும் குழாய்கள். வாசலில் நின்றால் வாடையே இல்லை. நம் ஊரில் கண்மாய்க் கரையிலும் பாழடைந்த வீட்டுப் பின்கட்டிலும் பதினேழு வயதுப் பையன்கள் பொட்டலம் வாங்கிக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் நான். விற்பவன் யார், பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது, வாங்குகிறவனுக்கு வயது என்ன என்று எதுவுமே தெரியாத அந்த வியாபாரத்தோடு ஒப்பிட்டால், இது ஒழுங்கான இடம். அதில் எனக்கு ஐயமில்லை.

ஒழுங்கான இடம் என்பதாலேயே லாபமான இடமாகிவிடாது. எலுமிச்சைச் சாறு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷம், சட்டைப்பையில் இருந்த சிறிய நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பதினான்கு மேசைகள். ஒன்பதில் ஆட்கள். எனக்கு எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க கணவனும் மனைவியும். ஒரே ஒரு சுருட்டு வாங்கினார்கள். அதைப் பாதிவரை இருவரும் மாற்றி மாற்றிப் புகைத்துவிட்டு அணைத்து வைத்தார்கள். பிறகு தண்ணீர் கேட்டார்கள். மறுபடி தண்ணீர் கேட்டார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் அந்த மேசை அவர்களுடையது. நான் எழுந்திருக்கும்வரை இரண்டாவது முறை எதையாவது வாங்கியவர்கள் மூன்றே மேசைக்காரர்கள்.

மதுக்கூடத்தில் இரண்டாவது கிளாஸ், மூன்றாவது கிளாஸ் என்று பில் ஏறும். இங்கே ஒன்று உள்ளே போனால் ஆள் அமைதியாகிவிடுகிறார். அதோடு மது விற்கக் கூடாது. வாங்கியதில் மிச்சத்தை வெளியே எடுத்துப்போகவும் விடமாட்டார்கள்; வீட்டிலிருந்து கொண்டுவந்து புகைக்கவும் விடமாட்டார்கள். வண்டி ஓட்டும் நிலையில் இல்லாதவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்பதற்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும். காவலாள், காற்றோட்டக் கருவி, கேமரா எல்லாம் கட்டாயம். செலவு உணவகத்தைப்போல, வரவு வாசகசாலையைப்போல.

இப்படி ஒரு தொழில் எதற்காகப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் அதன் ஆயுள் புரியும். நெவாடா மக்கள் 2016 இல் வாக்களித்து, 2017 ஜூலை முதல் வயதுவந்தோருக்குக் கடைகளில் கஞ்சா விற்பனை தொடங்கியது. வாங்கலாம், ஆனால் தெருவில் புகைத்தால் 600 டாலர் வரை அபராதம். சூதாட்ட விடுதிகள் தங்கள் உரிமத்துக்கு ஆபத்து வரும் என்று அறைகளில் அனுமதிப்பதில்லை. ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தங்குவதோ அந்த விடுதிகளில். ஆக, கையில் வாங்கி வைத்துக்கொண்டு போக்கிடம் இல்லாமல் நின்ற பயணிகளுக்காக 2021 இல் சட்டம் இயற்றி லவுஞ்சுகளுக்கு வழிவிட்டார்கள். விற்பனைக் கடையோடு ஒட்டிய லவுஞ்ச் ஒரு வகை. தனி லவுஞ்ச் இன்னொரு வகை. கடையோடு ஒட்டியதற்கு விண்ணப்பக் கட்டணமே 1,00,000 டாலர். தனி லவுஞ்சுக்கு 10,000. தனி லவுஞ்சுகளுக்கு 2022 நவம்பரில் குலுக்கல் நடத்தி 20 பேருக்கு முதற்கட்ட வாய்ப்பு தந்தார்கள். மாநில உரிமத்தோடு முதல் லவுஞ்ச் திறந்தது 2024 பிப்ரவரியில்தான். அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு கடையோடு ஒட்டியது. குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் முதல் திரட்ட முடியாமல் தவித்தார்கள். உங்கள் நண்பர்கள் வெளியே பணம் தேடுவதன் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சூதாட்ட விடுதிகளிலிருந்து 1500 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பயணிகள் நடமாடும் இடத்தில் கடை வைக்க முடியாது. பயணிகளை நம்பித்தான் கடையே. கேட்கும்போதே இடிக்கிறது அல்லவா?

இவ்வளவையும் திறமையான ஒருவர் சமாளித்துவிடலாம். என்னைப் பயமுறுத்தியது வேறு. மாநிலம் உரிமம் கொடுத்தாலும், நாட்டின் மத்தியச் சட்டத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள்தான். அந்த முரண் எங்கெல்லாம் கடிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தேன்.

என் தொழிலுக்கு நெருக்கமானது வரி. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 280ஈ என்று ஒரு பிரிவு. ஒரு போதைப்பொருள் வியாபாரி வரி நீதிமன்றத்துக்குப் போய்த் தன் தொழில் செலவைக் கழித்துத் தரும்படி வாங்கிவிட்டார் என்பதற்காக 1982 இல் கொண்டுவந்தார்கள். கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களுக்கு மத்தியச் சட்டம் வகுத்திருக்கும் பட்டியல்களில் முதல் இரண்டில் உள்ள போதைப்பொருளை விற்கும் தொழிலுக்கு, சரக்கின் அடக்கவிலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. வாடகை, சம்பளம், காப்பீடு, மின்சாரம் எதுவும் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பனை 100 டாலர், சரக்கு 40, மற்ற செலவு 50 என்று வைத்துக்கொள்வோம். கையில் மிச்சம் 10. வேறு தொழிலாக இருந்தால் 21 விழுக்காடு நிறுவன வரி 2 டாலர் 10 சென்ட். இங்கே வரி 60 டாலருக்கு. 12 டாலர் 60 சென்ட். லாபம் பத்து, வரி பன்னிரண்டரை. லவுஞ்ச் என்பதே சரக்கைவிட இடத்துக்கும் ஆளுக்கும் அதிகம் செலவாகும் தொழில். ஆகவே இந்தப் பிரிவு சாதாரணக் கடையைவிட லவுஞ்சைத்தான் ஆழமாக வெட்டும். கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றும் முன்மொழிவு 2024 மே மாதம் வந்தது. பட்டியல் மாறினால் இந்தத் தொல்லை தீரும். இதை நண்பர்கள் உங்களிடம் பெரிய நம்பிக்கையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், வரித் தொல்லை மட்டும்தான் தீரும்.

வங்கி விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய வங்கிகள் கணக்குத் தர அஞ்சுகின்றன, கடன் அட்டை செல்லாது, ரொக்கமாகவே புழங்க வேண்டியிருக்கிறது. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தொழில் நொடித்துப்போனால் நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுக்கலாம். அங்கே திவால் நீதிமன்றம் மத்திய அரசின் நீதிமன்றம். கஞ்சாத் தொழிலுக்கு அதன் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. விழுந்தால் பிடிப்பதற்குக் கீழே வலையே இல்லாத தொழில் இது.

இனி சொல்வதை உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் கிரீன் கார்டுக்காரர், குடிமகன் அல்ல. அமெரிக்கக் குடியேற்றம் மத்தியச் சட்டம். மாநிலச் சட்டப்படி செய்த கஞ்சாத் தொழிலும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதிக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே எழுதி வைத்துவிட்டது. கைது வேண்டாம், வழக்கு வேண்டாம், தண்டனை வேண்டாம். போதைப்பொருள் வியாபாரத்தில் ஈடுபட்டவர் என்று நம்பக் காரணம் இருந்தாலே, ஒருவரை நாட்டுக்குள் அனுமதிக்கத் தகாதவர் என்று சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் அந்தக் கேள்வி எழலாம். இன்னும் ஒரு படி மேலே போகிறது அந்தப் பிரிவு. அந்த வருமானத்தில் தெரிந்தே பயனடைந்த மனைவி, மகன், மகள் ஆகியோரையும் ஐந்து ஆண்டுக் காலத்துக்கு அது தொடும். பட்டியல் மாறினாலும் இது மாறாது. மூன்றாம் பட்டியலில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான்.

என் தங்கை மகன் முதலில் பார்த்த வழக்கறிஞர் உரிமச் சட்டத்தில் கெட்டிக்காரர். பங்குதாரர் ஒப்பந்தத்தை அழகாக எழுதிக் கொடுத்தார். குடியேற்றத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கேட்காததால் சொல்லவில்லையாம். அந்த ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தன் பெண் குழந்தையின் பள்ளிக்கூடப் பை கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, குடியேற்ற வழக்கறிஞரோடு அவன் தொலைபேசியில் பேசிய அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். பேசி முடித்ததும் ஒப்பந்தத்தை மடித்து உறைக்குள் வைத்தான். வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் நண்பர்களிடம் விலகிக்கொண்டான். அவர்கள் குடிமக்கள், அவர்களுக்கு அந்த முள் இல்லை. அதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

ஊர்ப் பணத்துக்கு வருகிறேன். வீட்டுப் பங்கை விற்ற பணத்தை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை கொண்டுபோக வழியுண்டு. அது உங்கள் பணம். ஆனால் உங்கள் அம்மானும் சித்தப்பாவும் இங்கே வசிப்பவர்கள். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு நிறுவனத்தில் நேரடியாக முதலீடு செய்வதற்கு 2022 இல் வந்த விதிகள், அந்தத் தொழில் அந்நிய நாட்டில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் சட்டம் அனுமதிக்கும் தொழிலாக இருக்க வேண்டும் என்கின்றன. கஞ்சா விற்பது இங்கே எப்படிப்பட்ட குற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி, முதலீடு என்று சொல்லாமல் குடும்பச் செலவுக்கு என்று எழுதி அனுப்பிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தப் படிவத்தில் பொய் எழுதிக் கையெழுத்துப் போடப்போவது எழுபது வயதுப் பெரியவர். அவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். அப்படியொரு காகிதத்தைத் தெரிந்தே என்னிடம் யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது: முடியாது. 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் ஆனது. மருத்துவ, அறிவியல் தேவை தவிர வேறெதற்கும் கஞ்சாவுக்கு அதில் வழியில்லை. பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியைத்தான் அந்தச் சட்டம் கஞ்சா என்கிறது. தனி இலை அதில் சேராது. அந்த இடைவெளியில்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் கஞ்சா இலையில் செய்யும் பாங்கை (bhang) விற்கும் உரிமம் பெற்ற கடைகள் நடக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து இங்கே கேட்கிறவர்கள் உண்டு. அது இலை, அது அந்த மாநிலம்; லவுஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு முக்கியமானது 25 ஆவது பிரிவு. குற்றத்துக்குத் தன் வீட்டைத் தெரிந்தே பயன்படுத்த விட்ட உரிமையாளருக்கும் அந்தக் குற்றத்துக்குரிய அதே தண்டனை. நம் வீடுகளில் உரிமையாளர் என்றால் யார்? எங்கள் வீட்டில் மட்டும் இன்று இருபத்திரண்டு புள்ளி, அதாவது பங்குள்ள இருபத்திரண்டு குடும்பங்கள். சிங்கப்பூரில் ஒருவர், கோயம்புத்தூரில் நால்வர், முகமே பார்த்திராத பங்காளிகள் சிலர். ஒருவர் செய்கிற காரியத்தில் எத்தனை பேர் விசாரணைக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்றாவது மாறலாம். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க நடந்த வாக்கெடுப்பில், எடுக்கலாம் என்று வாக்களித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் ஆணையம் வைத்து 1893-94 இல் ஊர் ஊராக விசாரித்து, முழுத் தடையைவிட வரியும் கட்டுப்பாடும் மேல் என்று எழுதியதும் இந்த நாட்டைப் பற்றித்தான். ஆகவே அப்படி நினைப்பது குற்றமல்ல. ஆனால் நினைப்பை நம்பி வீட்டு வளவில் பயணிகளுக்குப் படுக்கை போட முடியாது. பயணிகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே தோன்றினால், வீட்டைப் பழுதுபார்த்துத் தங்கும் விடுதியாக்குங்கள். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் அப்படி நல்ல முறையில் நடக்கும் வீடுகள் இருக்கின்றன. ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூணையும் பார்க்க வருகிறவர்களுக்கு நம் அடுப்படிச் சமையலே போதும். வேறு மயக்கம் வேண்டாம்.

பர்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், பேரேடு ஒன்று இருக்கிறது. கீழ் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த கடைக் கணக்கு. 1930 க்குப் பிறகு நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 இல் 6 விழுக்காடு நிலம் எங்களைப்போல் கடை வைத்திருந்த செட்டியார்களிடம் இருந்தது; 1937 இல் அது 25 விழுக்காடு. பத்திரம் எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளைக்கார அரசு பதிந்து கொடுத்த பத்திரம். 1942 இல் ஜப்பான்காரன் வந்தான். 1948 இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. பேரேட்டில் நிலத்தின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, ஏக்கர் இருக்கிறது, ரூபாய் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வரவு என்ற பத்தி மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஐயா அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருந்தார், என் தந்தையான அப்பச்சியும் வைத்திருந்தார். சர்க்கார் கொடுத்த காகிதம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்தச் சர்க்கார், அதற்கு மேலே யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது.

நீங்கள் குடியுரிமை வாங்கிய பிறகு, உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில், போனாலும் போகட்டும் என்று சொல்லக்கூடிய அளவு பணத்தை இந்தத் தொழிலில் போடுவதாக இருந்தால் நான் தடுக்கமாட்டேன். அப்போதும் மூன்று ஆண்டு வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்வேன். விற்பனைக் கடையோடு ஒட்டிய இடமா, தனி இடமா என்று முதலில் கேட்பேன். தனி இடம் என்றால் மறுபடி யோசிக்கச் சொல்வேன்.

வீட்டுப் பங்கை வேறு காரணத்துக்காக விற்கத்தான் வேண்டும் என்றால், முதலில் பங்காளிகளுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களில் ஒருவர் வாங்கிக்கொள்வதுதான் எல்லாருக்கும் நல்லது. பாகப்பிரிவினைப் பத்திரம் கடைசியாக எந்த ஆண்டு பதிவானது, அதற்குப் பிறகு பிறந்த, இறந்த புள்ளிகள் எத்தனை என்று பார்த்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் விற்கும்போது வாங்குபவர் பிடித்தம் செய்ய வேண்டிய வரி பெரிய தொகையாக இருக்கும். அதைக் குறைத்துப் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு விற்பனைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.